திண்ணையில் கேட்ட கேள்வி, திரையில் எழுதும் பதில்

சட்டப் புத்தகங்களில் கூச்சத்துக்கு இடம் கிடைப்பது அரிது. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தில் கிடைத்திருக்கிறது. கணக்கெடுப்பாளர் கேட்கும் கேள்விக்குத் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல ஒவ்வொருவரும் கடமைப்பட்டவர் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. சொன்ன கையோடு இரண்டு விலக்குகளையும் தருகிறது. தன் வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. கணவன் பெயரையோ, காலமான கணவன் பெயரையோ, வழக்கத்தால் வாய்விட்டுச் சொல்லக் கூடாத வேறு எவர் பெயரையோ சொல்லும்படி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

அந்தச் சட்டத்தை அவையில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அன்றைய உள்துறை அமைச்சர் சர்தார் வல்லபபாய் படேல். அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வர அப்போது இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. இன்று 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் அதுவே அடிப்படைச் சட்டம். விலக்குகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவை தேவைப்படும் பெண்கள் குறைந்துவிட்டார்கள். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிக்கூட விண்ணப்பம் என்று எத்தனையோ இடங்களில் கணவன் பெயரை எழுதியும் சொல்லியும் பழகிவிட்டது. அன்று கணவன் பெயரைச் சொல்லத் தயங்கிய வீட்டில் இன்று தயக்கம் வருவது கைப்பேசி எண்ணைக் கேட்கும்போது. கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியலின் கேள்விகளில் கடைசி வரியில் அந்த எண்தான் இருக்கிறது. கணக்கெடுப்பு தொடர்பான தகவலுக்கு மட்டும் என்ற குறிப்பும் பக்கத்தில் உண்டு.

தயக்கம் இடம் மாறியிருக்கிறது. அதைக் காக்கும் சட்டம் இடம் மாறவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் சென்சஸ் எடுக்க வந்தவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். திண்ணையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, நீளப் படிவத்தை விரித்துக் கேட்பார். வீட்டுப் பெரியவர் வெளியே போயிருந்தால் பதில் சொல்வது வீட்டுக்காரம்மா. கணவன் பெயர் என்ற இடம் வந்ததும் பேச்சு நிற்கும். ஆறுமுகம் என்றால் விரல்களில் ஆறு காட்டி, பிறகு முகத்தைத் தொட்டுக் காட்டுவார். பழனி என்றால் "முருகன் இருக்கிற மலை" என்பார். அதுவும் சரிவராவிட்டால், "ஏய், உங்க அப்பா பேரை சாருக்குச் சொல்லு" என்று பிள்ளையை முன்னால் தள்ளிவிடுவார். சாருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இல்லை. அவருடைய வருகைப் பதிவேட்டிலேயே அது இருந்தது.

அன்றைய அந்தரங்கத்தின் இயல்பு அது. கேட்பவர் தெரிந்தவர். பக்கத்து வீட்டார் காதில் பதில் விழும். வெட்கம் ஊராரிடம்தான். படிவம் தாலுகா ஆபீஸைத் தாண்டி எங்கே போகும் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. இன்று அது தலைகீழாகியிருக்கிறது. சுயமாகப் பதிவு செய்யும் வசதி வந்துவிட்டது. இணையதளத்தில் உள்ளே போய், கேள்விகளுக்குத் தானே விடை குறித்து, கிடைக்கும் அடையாள எண்ணைக் கணக்கெடுப்பாளர் வரும்போது காட்டினால் போதும். திண்ணையும் இல்லை, ஒட்டுக் கேட்கும் காதும் இல்லை. ஊராரிடமிருந்து தப்பித்துவிட்டோம். கவலை இப்போது கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் கணினியைப் பற்றியது.

கேள்வி கேட்கும் அரசின் மீதான ஐயம் புதிதல்ல. 1872இல் முதல் கணக்கெடுப்பு முடிந்தது. ஆனால் இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை. 1881 பிப்ரவரி 17 அன்றுதான் நாடெங்கும் ஒரே இரவில் தலை எண்ணினார்கள். வரி போடுவதற்கு என்றும், ஆள் பிடிப்பதற்கு என்றும் வதந்திகள் கிளம்பின. கேட்பது அயல் அரசு என்பதால் மறுப்பே அரசியலாகவும் ஆனது. 1931 கணக்கெடுப்பின்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் புறக்கணிப்பு நாளாகவே காங்கிரஸ் அறிவித்தது. அன்று ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் தனித்தனியே தற்காலிகச் சட்டம் போட்டார்கள். வேலை முடிந்ததும் சட்டமும் முடிந்துபோகும். 1948க்குப் பிறகு சட்டம் நிரந்தரமானது. கேட்பது நம் அரசு என்பதால், பதில் சொல்வது அடிபணிதல் என்ற நிலை மாறிக் குடிமகனின் கடமையானது.

எண்ணும் முறையும் மாறியது. அன்று நிலா வெளிச்சம் இருக்கும் இரவாகப் பார்த்து நாள் குறித்தார்கள். முன்கூட்டியே எழுதி வைத்திருந்த பட்டியலுடன் அந்த இரவில் வீடு வீடாகப் போய், இறந்தவரை அடித்து, பிறந்தவரைச் சேர்த்தார்கள். 1941இல் அந்த ஒற்றை இரவு கைவிடப்பட்டது. பிறகு சில வாரங்கள் எண்ணி, பெரும்பாலும் மார்ச் 1 சூரிய உதயத்தைக் குறிப்பு நேரமாக வைத்தார்கள். 2001 முதல் அது மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. 2027க்கும் அதுவே, பனி மூடும் மலைப் பகுதிகள் நீங்கலாக. அன்று வீட்டுச் சுவரில் காவியாலோ கரியாலோ ஓர் எண் எழுதிப் போவார்கள். அப்படி எழுத அனுமதிக்க வேண்டியது வீட்டில் குடியிருப்பவரின் கடமை என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்குள் நுழைய நாட்டு வழக்கப்படி எந்த அளவு தகுமோ அந்த அளவே இடம் தர வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. இன்று கட்டடத்தின் இருப்பிடம் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பதிகிறது. சுவரில் எழுதிய எண்ணை அடுத்த பொங்கல் வெள்ளையடிப்பு அழித்துவிடும். வரைபடப் புள்ளிக்கு வெள்ளையடிக்க வழியில்லை.

கேள்விகளை எடுத்துக்கொண்டால், அன்று கேட்டவை இன்றையவற்றை விடவும் முரட்டுத்தனமானவை. சித்தம் கலங்கியவர் யார், பிறவியிலேயே காது கேளாமல் பேச முடியாதவர் யார், இரண்டு கண்ணும் தெரியாதவர் யார், தொழுநோயாளி யார் என்று 1931 வரை கேட்டார்கள். தொழுநோயை ஒரு குடும்பம் வாயிலில் நின்று ஒப்புக்கொள்வது எளிதா? மறைத்தவர்கள் அதிகம் என்பதை அக்கால அறிக்கைகளே ஒப்புக்கொண்டன. 1941இல் அந்தக் கேள்வி மறைந்தது. 2001இல், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் வற்புறுத்தலால் வேறு முகத்தோடு திரும்பி வந்தது. 2001இல் ஐந்து வகைகளில் கேட்டபோது 2.19 கோடிப் பேர் என்று கணக்கு வந்தது. 2011இல் எட்டு வகைகளாக விரித்துக் கேட்டபோது 2.68 கோடி. அன்று குடும்பங்கள் ஒளித்து வைத்த செய்தியை, இன்று உரிமைக்கான கணக்காகத் தாங்களே முன்வந்து எழுதச் சொன்னார்கள். கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான். கேட்பது எதற்காக என்பது மாறியதும் பதிலும் மாறிவிட்டது.

பெண்களிடம் கேட்கும் கேள்வி இன்னும் உள்ளே போகிறது. எந்த வயதில் கல்யாணம் ஆயிற்று, எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை பேர் இருக்கிறார்கள், போன ஒரு வருஷத்தில் குழந்தை பிறந்ததா? பிறந்தது ஆறு, இருப்பது நான்கு என்று ஒரு தாய் சொன்னால், இடையில் நிற்கும் இரண்டைப் பற்றிப் படிவம் ஒன்றும் கேட்பதில்லை. எழுதுபவர் பேனாவை நிறுத்தி, தலை நிமிராமல் அடுத்த கேள்விக்குப் போவார். கேட்கவே கூடாத கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் ஒழுங்காக இல்லாத மாவட்டங்களில் குழந்தை இறப்பு எவ்வளவு என்று கணிக்க அந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் உதவியது.

வயதும் பாலினமும் என்ற சாதாரணக் கேள்விகளும் அப்படித்தான். 1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான் இருந்தார்கள். எந்த வீட்டிலும் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, யாரையும் தனியாகக் குற்றம் சாட்டவும் இல்லை. ஆனாலும் மாவட்டம் முழுவதின் ரகசியத்தை அந்த எண் உடைத்துவிட்டது. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. வீட்டின் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டே ஊரின் உண்மையைச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கழிப்பறை உண்டா என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் எவருக்கும் கோபம்தான் வரும். 2011இல் கேட்டார்கள். வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த குடும்பங்கள் 46.9 விழுக்காடு, தொலைபேசி இருந்தவை 63.2 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நாட்டுக்கு வந்த வெட்கம் எந்த ஒரு வீட்டுக்காரரின் வெட்கத்தையும் விடப் பெரியது. 2026 வீட்டுப் பட்டியலில் 33 கேள்விகள். கழிப்பறை எத்தகையது, சமையல் எரிபொருள் எது, இணைய வசதி உண்டா, முக்கியமாகச் சாப்பிடும் தானியம் எது என்பது வரை கேட்கிறார்கள்.

சாதிக் கேள்வியில்தான் அன்றும் இன்றும் மிகவும் பின்னிக்கிடக்கின்றன. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. இரண்டே ஆண்டில், 1931இல், கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று அதையே கேட்டார். நாடு முழுவதற்குமாக எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு அதுதான். 1951 முதல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மட்டுமே எண்ணப்பட்டார்கள். எல்லாச் சாதியையும் எண்ணச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை 2014இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எதைக் கேட்பது என்பது அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழுவே அந்த முடிவை எடுத்துவிட்டது. 2027இல் எல்லாரிடமும் சாதி கேட்கப்படும்.

1931 கணக்கில் சாதிகள் 4,147. 2011இல் தனியாக நடந்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன பெயர்களை அப்படி அப்படியே எழுதியதில் 46 லட்சத்துக்கு மேல் போயிற்று என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் அரசு சொன்னது. அன்று அதிகாரி தன் பட்டியலுக்குள் மக்களை அடைத்தார். பிறகு மக்கள் சொன்னதை அடைக்கப் பட்டியல் போதவில்லை. தெருவில் சாதிப் பெயரைச் சொல்ல வெட்கப்படும் தமிழ்நாட்டில், இட ஒதுக்கீட்டின் அளவைக் காக்க அதே பெயரைப் படிவத்தில் சரியாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு நிலைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஊரார் காதில் விழாமல் சொல்ல முடியும் என்றால் பலர் உண்மையைச் சொல்வார்கள்.

சொல்ல மறுப்பதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் இப்போது கொஞ்சம் இடம் கூடியிருக்கிறது. 2011இல் மதம் குறிப்பிடாதவர்கள் 28 லட்சத்துக்கு மேல். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அதுவரை நெருக்கி எண்ணப்பட்டவர்களுக்கு அதே ஆண்டில் மூன்றாவது கட்டம் கிடைத்தது. அதில் பதிவானவர்கள் 4,87,803 பேர்.

இத்தனையும் கேட்டு வாங்கிய அரசு பதிலுக்கு என்ன உறுதி தந்தது? அதுதான் சட்டத்தின் 15ஆம் பிரிவு. கணக்கெடுப்பாளர் எழுதிய பதிவேட்டைப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. சிவில் வழக்கு எதிலும் அது சாட்சியமாகச் செல்லாது. கணக்கெடுப்பு தொடர்பான குற்றம் தவிர வேறு குற்ற வழக்குகளிலும் செல்லாது. பாகப்பிரிவினையில் ஒருவர் வயதை நிரூபிக்கவோ, ஒரு வீட்டில் யார் யார் குடியிருந்தார்கள் என்று காட்டவோ சென்சஸ் படிவத்தைக் கொண்டுவரச் சொல்ல முடியாது.

காகிதக் காலத்தில் அந்த உறுதிக்குக் காகிதமே பாதிக் காவல். கோணியில் கட்டிய படிவ மூட்டைகளுக்குள் ஒரு தெருவின் ஒரு வீட்டைத் தேடி எடுப்பது லேசான காரியம் இல்லை. எண்ணி முடித்ததும் பழைய சீட்டுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. அதனால் இழப்பும் உண்டு. அமெரிக்காவில் 72 ஆண்டு கழிந்ததும் கணக்கெடுப்பு ஏடுகளைத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டு ஏடுகள் 2022இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. தன் பாட்டி எந்தத் தெருவில் இருந்தாள், என்ன வேலை செய்தாள் என்று பேத்தி தேடிப் படிக்கலாம். நம்மில் ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரை 1881 ஏட்டில் தேட நினைத்தால் ஏடே இல்லை. நாம் மறதியைக் கொண்டு அந்தரங்கத்தைக் காத்தோம்.

2001இல் படிவங்களை ஸ்கேன் செய்து கையெழுத்தைக் கணினி படிக்கத் தொடங்கியது. 2027இல் படிவமே இல்லை. ஏறத்தாழ 30 லட்சம் களப்பணியாளர்கள் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். பல ஆண்டுகள் காத்திருந்து பார்த்த புள்ளிவிவரம் விரைவில் கையில் கிடைக்கும், எழுத்துப் பிழை குறையும், விட்டுப்போன வீட்டை உடனே கண்டுபிடிக்கலாம். இவை பெரிய லாபங்கள். ஆனால் கணினிக்குத் தானாக மறதி வராது. ஒரு வீட்டைத் தேட மூட்டையை அவிழ்க்க வேண்டியதில்லை. காகிதம் பார்த்துக்கொண்ட பாதிக் காவலையும் இனிச் சட்டமே பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 2010இல் வீட்டுப் பட்டியலுக்காக வந்த அதே ஆசிரியர், அதே வாசலில், தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கும் விவரம் வாங்கினார். அது குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. 15ஆம் பிரிவின் காப்பு அதற்குக் கிடையாது. 2011 சாதிக் கணக்கெடுப்பும் கணக்கெடுப்புச் சட்டத்தின் கீழ் நடக்கவில்லை. அதில் சாதி, மதம் தவிர்த்த விவரங்களை மக்கள் பார்த்து ஆட்சேபம் சொல்லும்படி ஊராட்சிகளில் வெளியிட்டார்கள். நலத்திட்டத்துக்கு ஆள் தேர்வு செய்ய அது அவசியம்தான். ஆனால் வாசலில் நின்று பதில் சொன்னவருக்கு எந்தப் பதில் எந்தச் சட்டத்துக்குள் போகிறது என்று தெரிந்திருக்குமா? தாய் தந்தையர் பிறந்த இடத்தையும் தேதியையும் பதிவேட்டில் கேட்கப் போகிறார்கள் என்ற செய்தி 2020இல் அத்தனை கொந்தளிப்பை எழுப்பியதன் காரணமும் இதுவே. கேள்வியை விட, பதில் போகும் இடமே மக்களை அஞ்ச வைத்தது.

நீதிமன்றங்களும் அந்த இடத்தைத்தான் இப்போது பார்க்கின்றன. 1954இலும் 1962இலும் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்காத உச்ச நீதிமன்றம், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளின் ஒருமனதான தீர்ப்பில் அதை ஏற்றது. அந்தரங்கத்துக்குள் அரசு நுழைய வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. பீகார் அரசின் சாதிக் கணக்கை 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தபோது அந்தரங்கமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகஸ்டில் அதே நீதிமன்றம் கணக்கை அனுமதித்தது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிவிவரப் பணிக்கு விலக்குத் தருகிறது. ஆனால் ஒரு தனிநபரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. 1948இன் பழைய வாக்குறுதியைப் புதிய மொழியில் அது திரும்பச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் பார்த்தால் லாபம் அதிகம். ஊராரின் காதிலிருந்து விடுதலை, பெண் தன் வாயால் தானே பதில் சொல்லும் துணிவு, மறைத்து வைக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த இடம் எல்லாம் லாபம். நஷ்டம் ஒன்றுதான்: படிவம் மூட்டைக்குள் போய்விடும் என்ற நிம்மதி. அதை ஈடுகட்ட, கணக்கெடுப்பில் சொன்ன பதில் வேறெந்தப் பதிவேட்டோடும் சேராது என்பதை அரசு சட்டத்தில் இன்னும் தெளிவாக எழுத வேண்டும். எழுதியதைச் செயலியின் அமைப்பிலும் காட்ட வேண்டும்.

நம் பங்கும் உண்டு. வாசலுக்கு வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கு எண், ஓடிபி, சம்பளத் தொகை ஆகியவை வீட்டுப் பட்டியலின் 33 கேள்விகளில் இல்லை. இவற்றை ஒருவர் கேட்டால் சொல்ல வேண்டாம். பட்டியலில் உள்ள கேள்விகளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். பதில் சொல்ல மறுப்பவருக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தகாத கேள்வி கேட்கும் அல்லது கேட்டதை வெளியே சொல்லும் கணக்கெடுப்பு அலுவலருக்கு அபராதத்தோடு மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.